நாலாம் இடமும் பதினோராம் இடமும்

"கையெழுத்தப் போடுட்டி," என்றார் கிருபைராஜ். இது மூன்றாவது தடவை.

ஜூடித் பேனாவைத் தொடவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு முன்னால், கல்லூரியில் சேரச் சம்மதம் சொல்லி அனுப்ப வேண்டிய இரண்டு அட்டைகள் கிடந்தன. ஒன்று மாசசூசெட்ஸில் உள்ள ஹாலோவெல் கல்லூரியுடையது. அதில் அப்பாவின் கையெழுத்து விழுந்து மையும் காய்ந்துவிட்டது. மற்றது ஓஹையோவில் உள்ள எல்ம் ஃபோர்க் கல்லூரியுடையது. அதை யாரும் நிரப்பவில்லை. இரண்டில் ஒன்று மே முதல் தேதிக்குள் தபாலில் சேர வேண்டும். இன்னும் ஆறு நாள்தான்.

"ஐ டோன்ட் வான்ட் ஹாலோவெல், டாடி."

"வேண்டாமாம். கேட்டியா செல்வி, ஒம் மக சொல்லுதத? ஊரெல்லாம் தவம் கெடக்க காலேஜி, இவளுக்கு வேண்டாமாம். ஆத்துல எறங்கி சிப்பி பொறுக்கணுமாம்."

ஜெயசெல்வி அடுப்படியில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு டாக்டர் தாமஸ் வீட்டார் வருகிறார்கள். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவ சொல்லுதத முழுசா ஒரு தடவையாவது கேட்டீங்களா அத்தான்?" என்றாள்.

அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விஷயம் சின்னதுதான். இரண்டுமே சிறிய கல்லூரிகள், இரண்டுமே கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பவை. ஹாலோவெல்லுக்குப் போனபோது நூலகத்தைக் காட்டினார்கள். அங்கே படித்த பெரிய மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். எல்ம் ஃபோர்க்கில் ஒரு பேராசிரியை முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸைக் கொடுத்து ஜூடித்தை ஆற்றில் இறக்கினாள். கையில் ஒரு சிப்பியை வைத்து, இது ஏன் இந்த வளைவில் மட்டும் சாகிறது, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை காத்திருந்தாள். பதினேழு வயதுப் பெண்ணிடம் அப்படி ஒருவர் காத்திருந்தது அதுவே முதல் தடவை. முதல் வருஷத்திலேயே தன்னோடு வேலை செய்யலாம் என்று கடிதமும் போட்டிருந்தாள்.

ஆனால் ஒரு பத்திரிகைக்காரன் நாட்டில் உள்ள கல்லூரிகளை வரிசைப்படுத்திப் போட்டிருந்தான். அதில் ஹாலோவெல் நாலாவது, எல்ம் ஃபோர்க் பதினொன்று. அந்த ஏழு படிதான் ஒரு மாதமாக இந்த வீட்டில் சோறு இறங்க விடாமல் கிடந்தது. கிருபைராஜுக்கும் அதைவிட்டால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எண்ணெய் விலை விழுந்ததிலிருந்து ஹூஸ்டனில் அவருடைய கம்பெனியில் பாதி நாற்காலி காலி. எஞ்சினியர் என்ற பேருக்கு எத்தனை நாள் ஆயுளோ தெரியாது.

தாமஸ் வீட்டார் நேரத்துக்கு வந்தார்கள். டாக்டர் தாமஸ் இருதய மருத்துவர். அவர் வாய் பஜ்ஜிக்குத்தான் திறந்தது. பேச்சு எல்லாம் மனைவி வசந்தாதான். அவர்கள் மகன் டேனியலுக்கு ஜூடித் என்று இரு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். நாலு வருஷம் கழித்துத்தான் கல்யாணம். பிள்ளைகள் இருவரையும் யாரும் கேட்கவில்லை.

வசந்தா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். பத்திரிகை வரிசையின் நகல். நாலாவது வரியில் விரலை வைத்தாள்.

"அண்ணாச்சி, நாங்க நகை கேட்டமா? ரொக்கம் கேட்டமா? ஊர்லன்னா டேனியலுக்கு என்னெல்லாம் கொண்டு வருவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அதெல்லாம் புடிக்காது. பொண்ணு நல்ல எடத்துல படிச்சவன்னு பேரு இருந்தா போதும்."

"அது ஒங்க பெரிய மனசு மைனி," என்றார் கிருபைராஜ். உண்மையாகவே கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"பதினொண்ணாவது எடம்னா கல்யாணப் பத்திரிகைல போட்டா எடுபடாது பாருங்க."

"நாலாவதுன்னாலும் நம்ம ஊரு நாசரேத்துல யாருக்கும் தெரியாது மைனி," என்றாள் ஜெயசெல்வி, தட்டை நீட்டிக்கொண்டே.

வசந்தா சிரித்தாள். "தெரிஞ்சவங்களுக்குத் தெரியும் செல்வி."

"டேனியலுக்குக் காலேஜி பாக்கையில இந்தத் தாள வச்சா பாத்தீங்க?"

"அவன் ஆம்பளப் பிள்ள. புடிச்ச எடத்துக்குப் போனான். பொம்பளப் பிள்ளைக்கு நாமதான பாக்கணும்?"

கிருபைராஜ் மனைவியை முறைத்தார். ஜெயசெல்வி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சீதனம் கேட்காத நல்லவர்கள். கழுத்தில் போடுவதைக் கேட்கவில்லை, பெண்ணின் நாலு வருஷத்தைக் கேட்கிறார்கள். தங்கம் என்றால் அவசரத்துக்கு விற்கவாவது செய்யலாம்.

அவளுக்கு இது புதிதும் அல்ல. நர்சிங் படிக்க இடம் கிடைத்தபோது அவளுடைய அப்பா, "கண்டவனுக்குப் பீ மூத்திரம் அள்ளுத படிப்பப் பத்திரிகைல போட முடியுமா?" என்று கேட்டு, பேர்பெற்ற கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் சேர்த்தார். கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் பி.ஏ. என்று அழகாகத்தான் விழுந்தது. அந்தப் பத்திரிகையோடு அதன் வேலையும் முடிந்தது. இப்போது துணிக்கடையில் கல்லாவில் நிற்கிறாள். அவளோடு நர்சிங்குக்கு இடம் கிடைத்த சிநேகிதி இதே ஹூஸ்டனில் தலைமை நர்ஸ்.

விருந்தாளிகள் போனதும் கிருபைராஜ் சோபாவில் சாய்ந்தார். முகம் தெளிந்திருந்தது.

"செல்வி, நாளைக்கு ஆராதனைல ஸ்தோத்திரக் காணிக்கை போடணும். உறை மேல காலேஜி பேரச் சொல்லி எழுது. ஒங் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும், பாஸ்டர் தடங்கல் இல்லாம வாசிப்பாரு. சபைல வாசிச்சுட்டா அப்புறம் இவளும் மொரண்டு புடிக்க மாட்டா. ஆண்டவருக்கு முன்னால சொன்னத மாத்த முடியுமா?"

"முடியாது அத்தான்," என்றாள் அவள்.

அவர் குளிக்கப் போனார். அவள் மகளின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சிப்பி செத்தது ஏன்னு கேட்டாளே அந்த டீச்சர், நீ என்ன சொன்ன?"

ஜூடித் நிமிர்ந்தாள். அரைமணி நேரம் ஆங்கிலத்தில் கொட்டினாள். மேலே உள்ள வயல்களிலிருந்து வரும் உரம், மண், வெயில். ஜெயசெல்விக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதிக்கும் காத்திருந்தாள்.

எல்ம் ஃபோர்க் அட்டையில் பெற்றோர் என்றுதான் போட்டிருந்தது, அப்பா என்று போடவில்லை. ஜெயசெல்வி கையெழுத்துப் போட்டாள், ஜூடித்தும் போட்டாள். பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு இருவரும் காரில் போய், அதைத் தபால் நிலைய வாசல் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். ஆனால் ஜெயசெல்விக்குப் புருஷனைத் தெரியும். தபாலில் போனதை ஒரு போன் போட்டு மாற்றிவிடுவார். அதனால் வந்ததும் காணிக்கை உறையை எடுத்து, காரணம் என்ற கோட்டுக்கு மேல் நிதானமாக எழுதினாள்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, வெள்ளைக்காரர் சபையில் வாடகைக்கு எடுத்த பக்கத்து மண்டபத்தில் தமிழ் ஆராதனை. அறுபது பேர் இருந்தார்கள். கிருபைராஜ் கோட்டுப் போட்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வசந்தா அடுத்த வரிசை. போதகர் உறைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். வேலை கிடைத்ததற்காக, கிரீன் கார்டு வந்ததற்காக, பிரசவம் சுகமாக முடிந்ததற்காக.

"கிருபைராஜ், ஜெயசெல்வி குடும்பத்தார். மகள் ஜூடித், தானே தெரிந்தெடுத்த எல்ம் ஃபோர்க் கல்லூரியில் சேருவதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள்."

கிருபைராஜின் கழுத்து நிமிர்ந்தது, அப்படியே நின்றது. மனைவி பக்கம் திரும்பினார். அவள் போதகரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வசந்தாவின் கைப்பை பட்டென்று மூடியது.

போதகர் கண்ணை மூடிக் கை உயர்த்தி, அந்தப் பிள்ளையையும் அந்தக் கல்லூரியையும் ஆசீர்வதித்தார். நாலாவதா பதினொன்றா என்று அவருக்கும் தெரியாது, மண்டபத்தில் மற்றவர்களுக்கும் தெரியாது. எல்லோரும் மனதார "ஆமென்" என்றார்கள்.

பக்கத்து நாற்காலியிலிருந்த பெரியவர் கிருபைராஜின் தோளைத் தட்டி, "பெரிய காலேஜில்லா? கேள்விப்பட்டிருக்கேன்," என்று கிசுகிசுத்தார்.

கிருபைராஜ் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்ல வந்தவர்தான். அறுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமென்," என்றார்.