பயத்து நாடும் சுகத்து நாடும்

பெங்களூர் ஜீவனஹள்ளி வீட்டைக் காலி செய்வதா வேண்டாமா என்று குளோரியா அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லியாக வேண்டும். ஒயிட்ஃபீல்டு பக்கம் பெரிய அடுக்குமாடியில் வீடு வாங்கிய மகள் மோனிகா, அம்மாவுக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டு ஒற்றைக்காலில் நின்றாள். குளோரியாவும் சரி சொல்லியிருப்பாள். உத்தமனை நினைத்துத்தான் இழுத்தடித்தாள்.

தப்பாக நினைக்க வேண்டாம், உத்தமன் ரயில் சிநேகம். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடியபின் வயிற்றுப்பாட்டுக்கு விடிகாலை ரயிலேறி பெங்களூர் வந்த கூட்டத்தில் இருவரும் இருந்தார்கள். அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினாள். பாதாளத்தில் பாறை உடைத்த அவன் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினான். முதலில் ஏறியவர் ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு மற்றவருக்கு இடம் பிடிப்பார். பெட்டியில் பாதிப்பேர் சீட்டாடினார்கள், மீதிப்பேர் தூங்கினார்கள். இவர்கள் இரண்டு பழைய நாவல்களை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

இரண்டிலும் இனிமேல் வரப்போகும் ஒரு நாடு. ஒன்றில் சுவருக்கும் கண்ணுண்டு, பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. மற்றதில் பயமே கிடையாது. எல்லாச் சுகமும் வீடு தேடி வரும், அதனாலேயே யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாது. எது நம்பும்படி இருக்கிறது? பயத்து நாடு என்பாள் குளோரியா. சுகத்து நாடு என்பான் உத்தமன்.

"பயந்தவன் ஒரு நாள் திருப்பி அடிப்பாம்மா. சொகமா கீறவன் எதுக்கு எழுந்து நிப்பான்?"

"சொகம் குடுத்தா இன்னும் வேணும்னுதாண்ணே கத்துவான். பயம்தான் வாயை அடைக்கும்."

சூடு ஏறினால் எதிர்சீட்டுக்காரர் ஆளுக்கொரு கம்மர்கட்டைத் திணிப்பார். அது வாயிலிருக்கும்வரை பேசக்கூடாது என்பது அந்தப் பெட்டியின் சட்டம். அந்த நாட்களை நினைத்தால் குளோரியாவுக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துபோகும். இருவரும் பெங்களூரிலேயே குடியேறியதில் ஊர் போயிற்று, ரயில் போயிற்று. வாதம் மட்டும் ஞாயிறுதோறும் உத்தமன் குடியிருந்த மர்பி டவுனிலிருந்து அவள் வீடு தேடி வந்துகொண்டிருந்தது. அதை இழக்க அவளுக்கு மனமில்லை.

எதற்கும் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று அவனையும் அழைத்துப் போனாள். சும்மா வருவானா? சுரங்கத்துக்குச் சோறு கொண்டுபோன பழைய தூக்கோடு வந்தான்.

மோனிகா கேட்டிலேயே காத்திருந்தாள். காவலாளி போனை நீட்டிக்கொண்டு உத்தமனை நெருங்கினான். அவ்வளவுதான். உத்தமன் தூக்கின் மூடியைக் கழற்றிக் கீழே வைத்தான். உள்ளே கம்மர்கட்டு. செருப்பை உதறினான். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவர்கள், தங்கத் துணுக்கு எதையும் எடுத்துவரவில்லை என்று காட்டச் சோதனைக்கு நிற்கும் நிற்பு அது.

"போட்டோ அஷ்டே, அங்கிள்!" போட்டோ மட்டும்தான் என்று காவலாளி பதறினான்.

மோனிகா சிரித்துவிட்டாள். "பழகிடும் மம்மி. அங்கிள் வர்றப்பல்லாம் உன் போன்ல கேக்கும். நீ ஓகே குடுத்தா விட்ருவாங்க."

குளோரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உத்தமன் மெல்லக் கையை இறக்கினான்.

"நீ ஜெயிச்சிட்டம்மா. சுரங்கம் மூடி எவ்ளோ வருசமாச்சு, கை தானா மேல போவுது பாரு. பயத்து நாடுதான் நெசம்."

ஜெயித்தது அவளுக்குக் கசந்தது. "இல்லண்ணே. ஓசி கரண்டு, கம்பெனி ஆஸ்பத்திரி, கிறிஸ்மஸ் பேண்டுன்னு நாம தினம் ஏங்கறது அதே தங்கவயலுக்குத்தானே? கை தூக்கி நின்னதை ஒரு நாளாவது பேசியிருக்கமா? உங்க நாடுதான் நெசம்."

பிறகு மகளிடம் திரும்பினாள். "மோனி, அந்த ரூம்ல துணி காயவெச்சுக்கோ. என்னைப் பாக்க வர்ற மனுஷன் என் வாசல்ல இப்படி நிக்கக்கூடாது. சாப்பாட்டுக்கு நீ ஜீவனஹள்ளிக்கு வா."

மோனிகாவின் கண் கலங்கியது. குளோரியாவுக்கும் வலித்தது. ஆனாலும் பஸ் ஏறினாள்.

ஜன்னலோரம் கைக்குட்டை போட்டிருந்தது. உத்தமன் தூக்கை நீட்டினான். முகம் வாடியிருந்தது.

"நீ என் கட்சிக்கு வந்துட்ட, நான் உன் கட்சிக்கு வந்துட்டேன். இனிமே ஞாயித்துக்கெழமை இன்னாத்த பேசறது?"

அவள் வாயில் கம்மர்கட்டு. சட்டம் சட்டம்தானே? கரையும்வரை அவனைக் காக்கவைத்தாள்.

"கட்சி மாறிட்டோம் இல்ல? முதல்லேர்ந்து ஆரம்பிங்க."