மெஷின் பக்கத்துச் செருப்பு

எலக்ட்ரீஷியன் கரண்டுவின் வீட்டில் துணி துவைக்கும் மெஷினைத் தொடுவதற்கு ஒரு சட்டம் உண்டு. பக்கத்தில் கிடக்கும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். மறந்துபோய் வெறுங்காலோடு தொட்டால் விரலில் சுருக்கென்று ஒரு கிள்ளு விழும். விருந்தாளி யாராவது அப்படிக் கிள்ளு வாங்கி அலறினால் வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். "எலக்ட்ரீஷியன் வீட்டு மெஷின் இல்லையா, கை குலுக்காம விடாது" என்பான் கரண்டு.

கரண்டு என்பது அக்கம்பக்கம் வைத்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே வயர் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடுவான் என்று அவனைப் பற்றிப் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டவனும் அவன்தான். உரிமத்துக்கான பரீட்சை மட்டும் அவனுக்கு ஆகவே ஆகாது. எழுதப் போவான், முகம் தொங்கத் திரும்பி வருவான், கேள்வித்தாள் தயாரித்தவனை வாய்க்கு வந்தபடி திட்டுவான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம், "நீ வேணா எலக்ட்ரீஷியன் கோர்ஸுக்குப் போறியா? பொம்பளைங்களையும் சேர்த்துக்கறாங்களாம்" என்றான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி வாசல்படி தாண்டினாலே கணக்குக் கேட்கும் கணவன்மார் இருக்கும் தெருவில், தன் கணவன் தானாகவே படிக்க அனுப்புகிறான். தங்கைக்கு உடனே போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டாள். "மாமா மாதிரி யாருக்குடி கிடைக்கும்?" என்று அவளே கேட்டு அவளே சிரித்தாள்.

பயிற்சி மையத்து ஆசிரியை கறாரானவள். இடுக்கியைத் தப்பாகப் பிடித்தால் புறங்கையில் ஒரு தட்டு. எர்த் பாடத்துக்கு வந்த அன்று ஒரு மூன்று துளை சாக்கெட்டைக் கழற்றி மேஜையில் போட்டாள்.

"ஃபேஸ் கரண்டைக் கொண்டு வரும், நியூட்ரல் திருப்பிக் கொண்டுபோகும். எர்த் எதுக்கு? வழி தவறி மெஷின் உடம்புக்கு வந்த கரண்டை மண்ணுக்குள்ள அனுப்பறதுக்கு. அந்த வழி இல்லேன்னா, மெஷினைத் தொட்டவங்கதான் வழி."

பிறகு சாக்கெட்டுக்குள் நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துக் காட்டினாள். எர்த் குழி தோண்டிக் குழாய் இறக்கச் சோம்பல்படுகிறவர்கள் செய்கிற வேலை இது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் சோதனை லாம்ப் வைத்துப் பார்த்தால் ஜோராக எரியும், எர்த் இருக்கிற மாதிரியே காட்டும். "நியூட்ரல்ல மிச்சமிருக்கற கரண்டு, வெறுங்காலோட தொட்டா லேசாக் கிள்ளும். எங்கயாவது நியூட்ரல் கழண்டுச்சுன்னா மெஷின் மேல முழு கரண்டும் வந்து நிக்கும். ஈரக் கையோட தொட்டவங்களைக் கூப்பிட்டா பதில் வராது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மெயினை அணைத்துவிட்டு மெஷின் பக்கத்துச் சாக்கெட்டைக் கழற்றினாள். உள்ளே நகம் நீளத்துக்கு அந்தத் துண்டு வயர், அதே மாதிரி. உடனேயே அவள் மனசு அவனுக்காக வாதாடக் கிளம்பியது. பாவம், அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எவனோ செய்ததைப் பார்த்துச் செய்திருக்கிறான். தெரியாமல் செய்வது வேறு. அப்படித்தான் நினைத்தாள், நினைக்க ஆசைப்பட்டாள்.

சாயங்காலம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் சிரித்தான். லாம்பைக் கொண்டுவந்து சாக்கெட்டில் வைத்து எரியவிட்டான்.

"எரியுதா? எரியுதில்ல? அப்புறம் என்ன?"

"அது நியூட்ரல் எரிய வைக்குதுங்க. நம்ம வீட்டுல எர்த்தே இல்ல."

"நாலு நாள் கிளாஸுக்குப் போயிட்டு வந்து எனக்கே காது குத்தறியா?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தான். "சரி, விடு. உன் தங்கச்சி கட்டற வீட்டுல நம்ம வயரிங் வேலை முடியட்டும். அப்புறம் நம்ம வீட்டுக்குக் குழி தோண்டிரலாம்."

"அவ வீட்டுல முதல்ல தோண்டுங்க. குழந்தை இருக்கற வீடு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

அவள் பரீட்சையில் தேறினாள். உரிமமும் வந்தது. கரண்டு அதைக் கண்ணாடி போட்டு மாட்டினான், போவோர் வருவோரிடமெல்லாம் காட்டினான். தங்கையின் புது வீட்டு வேலை முடிந்த அன்று, வழக்கத்தில் இல்லாத வழக்கமாக அவனே டீ போட்டு எடுத்து வந்தான். டீயோடு ஒரு தாளும் வந்தது.

"இங்க ஒரு கையெழுத்துப் போடு. தங்கச்சி வீட்டுக்கு நிரந்தர கனெக்ஷன் வாங்க, வயரிங், எர்த் எல்லாம் சோதிச்சாச்சுன்னு உரிமம் இருக்கறவங்க போடணும். இவ்வளவு நாள் போட்டுக்கிட்டிருந்தவர் கண்ணு தெரியலைன்னு விட்டுட்டாரு. இனிமே நமக்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல."

அவள் டீயை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினாள். படிக்க அனுப்பியது இதற்குத்தான். அவள் மூளை வேண்டியிருக்கவில்லை, கை மட்டும் போதுமாக இருந்திருக்கிறது. தங்கையிடம் பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்து காது மடல் சுட்டது. அவமானமாக இருந்தது. அதையும் விழுங்கிக்கொண்டாள். குடும்பத்துக்குத்தானே, போடுவதில் என்ன குறைந்துவிடும் என்று தன்னையே தட்டிக்கொடுத்தாள்.

"ஒரு தடவை பார்த்துட்டுப் போடறேனே."

"என்னை நம்ப மாட்டியா?"

"நம்பறேன். ஆனா கையெழுத்து என்னுதில்ல?"

மறுநாள் காலை தங்கை வீட்டுக்குப் போனாள். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. தங்கை ஒவ்வொரு அறையாக இழுத்துக்கொண்டு போய் சுவிட்சைப் போட்டுப் போட்டுக் காட்டினாள். "அத்தனையும் மாமா கைவண்ணம்" என்றாள். நடக்கப் பழகும் குழந்தை எதைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. நாற்காலி, கதவு, அம்மாவின் புடவை, எது கிடைத்தாலும் சரி.

பின்பக்கம் சுவர் ஓரத்தில் சிமென்ட் மூடி போட்ட எர்த் குழி அழகாக இருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. செய்திருக்கிறான், வீண் சந்தேகம் என்று நினைத்து மூடியைத் தூக்கினாள். குழாய் இருந்தது. பச்சை வயரும் கட்டியிருந்தது. இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கக் குழாயைப் பிடித்து அசைத்தாள். முள்ளங்கி பிடுங்குவது போல அது கையோடு வந்துவிட்டது. ஆளுயரத்துக்கு மேல் மண்ணுக்குள் போயிருக்க வேண்டிய குழாய் முழங்கை நீளம்கூட இல்லை. கூட வந்த பச்சை வயரும் சுவருக்குள் ஒரு சாண் போய் நின்றிருந்தது, எங்கேயும் சேராமல்.

"என்னக்கா, பிடுங்கிட்டியா?" என்றாள் தங்கை பதறிப்போய்.

அவள் குழாயைக் கீழே போட்டுவிட்டு மெஷின் இருந்த இடத்துக்குப் போனாள். சாக்கெட்டைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவள், கீழே பார்த்து அப்படியே நின்றாள். மெஷின் ஓரத்தில் புது ரப்பர் செருப்புகள் வரிசையாக இருந்தன. தங்கைக்கு ஒரு ஜோடி, அவள் கணவனுக்கு ஒரு ஜோடி. கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன ஜோடி ஒன்று, மேலே முயல் படம் போட்டது.

"மாமா வாங்கித் தந்தாருக்கா. செருப்பில்லாம யாரும் மெஷினைத் தொடக் கூடாதுன்னு நூறு தடவை சொன்னாரு. பாப்பாவுக்கும் சேர்த்து வாங்கியிருக்காரு பாரு, எவ்வளவு அக்கறை!"

தெரிந்துதான் செய்திருக்கிறான். இவ்வளவு நாளும் தெரிந்துதான். லாம்பை எரியவிட்டுச் சிரித்தபோதும், விருந்தாளிகள் அலறியபோதும். அவனுக்காக அவள் வாதாடியதெல்லாம் வீணாய்ப் போயிற்று. குழி தோண்ட முதுகு வளையாதவன் கடை கடையாக ஏறி இறங்கிக் குழந்தையின் கால் அளவுக்குச் செருப்புத் தேடியிருக்கிறான்.

அவள் மெயினை அணைத்தாள். ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி மெதுவாக நின்றது.

தங்கை அழ ஆரம்பித்தாள். "ஆசை ஆசையா கட்டின வீடுக்கா இது. ஒரு பரீட்சை தேறினதும் மாமாவையே குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டியா? உனக்கு என் வீட்டைப் பார்த்துப் பொறாமை!"

"பொறாமைன்னே வச்சுக்கோ. குழி தோண்டற வரைக்கும் விளக்கு ஏத்திக்கோ."

போன் அடித்தது. கரண்டுதான்.

"பார்த்தாச்சா? எல்லாம் சரியா இருக்கா? கையெழுத்தைப் போட்டுட்டு வா, ஈ.பி. ஆபீஸ் மூடறதுக்குள்ள குடுக்கணும்."

குழந்தை அதற்குள் தவழ்ந்து வந்து, மெஷினைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு எழுந்து நின்றது. தன்னைப் பார்த்துச் சிரித்த அதை அவள் இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள். "செருப்பு மட்டும் அளவா வாங்கியிருக்கீங்க."