கரடி மேல் பெய்த பனி

வானத்திலிருந்து வெள்ளையாக எது இறங்கினாலும் நமக்குப் பனிதான். மார்கழி விடியலில் மஃப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடையில் நிற்பவர் தலையில் இறங்குவதும் பனி, இமயமலையில் இடுப்பளவு கிடப்பதும் பனி. இந்தச் சிக்கனம் எனக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுத்தது. பரிசைப் பற்றிக் கேட்பவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு நல்லது.

என் பெயர் இளஞ்செழியன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இருபது வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ். உள்ளுக்குள் நான் பெரிய கலைஞன் என்பது என் எண்ணம். அது இன்னும் யாருக்கும் தெரியவில்லையே என்பது என் நோய்.

கார்த்திகைக் கடைசியில் கல்வராயன் மலையிலிருந்து வெள்ளச்சி என்ற பெண் ஒரு கடிதத்தோடு கடைக்கு வந்தார். அவர் மகள் கவியா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பஸ் நிற்கும் இடத்துக்கு விடியும் முன்னே காட்டுப் பாதையில் இரண்டு மைல் நடக்க வேண்டும். வழியில் ஒரு கரையான் புற்றுக்குப் பக்கத்தில் இரண்டு முறை கரடி எதிரே வந்து நின்றிருக்கிறது. பொங்கலுக்குள் பாதைக்கு விளக்கு வராவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று கவியாவின் அப்பா சின்னப்பையன் சொல்லிவிட்டார். வெள்ளச்சி வனத்துறை அலுவலகத்தில் விளக்கு கேட்டு மனு கொடுத்தார். ‘மேற்படி பகுதியில் கரடி நடமாட்டம் இருப்பதாகப் பதிவேடுகளில் இல்லை. இருப்பின் புகைப்பட ஆதாரம் இணைக்கவும்’ என்று பதில் வந்துவிட்டது. அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடாமல் சுற்றித் திரிந்தது கரடியின் தப்புதான்.

"அத்த படம் புடிச்சிக் காட்னாதான் நம்புவாங்களாம். நீங்க வந்து புடிச்சிக் குடுங்க சார்" என்றார் வெள்ளச்சி.

வேறு நாளாக இருந்தால் கல்யாண சீசன் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். ஆனால் அதே வாரம் சென்னையில் ஒரு கலை அமைப்பு போட்டி அறிவித்திருந்தது. தலைப்பு ‘பனிப்பொழிவில் வன உயிர்’. மார்கழி பிறக்கப்போகிறது, நம் மலையில் பனிக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டது காஷ்மீர்ப் பனி என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வெள்ளச்சியிடம் போட்டியைப் பற்றி மூச்சு விடாமல், உங்களுக்காக வருகிறேன் என்று பெரிய மனுஷன் போலச் சொன்னேன்.

மார்கழி ஐந்தாம் தேதி விடியலில் சின்னப்பையன் என்னைப் புற்றுக்கு எதிரே ஒரு பாறை மறைவில் உட்கார வைத்தார். பேசக் கூடாது, பீடி கூடாது, தும்மக் கூடாது என்றார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. லென்ஸைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை நனைந்துவிட்டது. நான்காவது தும்மலை அடக்கிக்கொண்டிருந்தபோது கரடி வந்தது. புற்றை நோண்டியது. நான் பிளாஷ் அடித்தேன். கரடி நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அதன் பிறகு அது எந்தப் பக்கம் ஓடியதென்று எனக்குத் தெரியாது, நான் ஓடிய பக்கம் மட்டும் தெரியும்.

படத்தைப் பார்த்தால் கரடியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். பனித்துளியில் பிளாஷ் பட்டால் அப்படித்தான் விழும். கல்யாண ஆல்பத்தில் அப்படி ஒரு படம் வந்தால் மாப்பிள்ளை வீட்டார் அடிக்க வருவார்கள். ஆனால் நடுவில் கரடி முகமும் மாரில் உள்ள வெள்ளை வளைவும் பளிச்சென்று இருந்தன. ஒரு பிரதியை வெள்ளச்சியின் மனுவோடு இணைத்தேன். இன்னொன்றைப் போட்டிக்கு அனுப்பினேன்.

முதல் பரிசு. போனில் பேசிய அம்மையார் மைனஸ் எத்தனை டிகிரி என்று கேட்டார். நல்ல குளிர்தான் என்றேன். இமயக் கரடிக்கும் மாரில் அப்படியொரு வெள்ளை உண்டாம். மறுநாள் பத்திரிகையில் ‘இமயப் பனியில் உயிரைப் பணயம் வைத்த கள்ளக்குறிச்சிக் கலைஞர்’ என்று என் படம். சேலத்தைத் தாண்டிப் போகாதவன் நான். ஒரு போன் செய்து மறுத்திருக்கலாம். மாறாக, என் மச்சான் பிரவீன்குமார் வைத்த பிளெக்ஸ் பேனரில் என் முகம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கும்போது வெள்ளச்சி மறுபடி வந்தார். கையில் புதுக் கடிதம். ‘மனுதாரர் இணைத்துள்ள கரடி இமயமலையைச் சேர்ந்தது என நாளிதழ் வாயிலாகத் தெரியவருவதால் மனு நிராகரிக்கப்படுகிறது.’

"நம்ம மலையில பேஞ்ச பனிதான் சார் அது. நீங்களும் நனைஞ்சிங்களே. அத்த மட்டும் எழுதிக் குடுத்தா போதும்னு ஆபீசுல சொல்றாங்க" என்றார்.

நான்கு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பரிசளிப்பு விழா பொங்கல் கழிந்து பத்தாம் நாள். இப்போது எழுதிக் கொடுத்தால் அது பத்திரிகைக்குப் போகும், சென்னைக்குப் போகும், மேடை போய்விடும். பண்டிகை நேரத்தில் ஆபீசில் யாரும் இருக்கமாட்டார்கள், தை பிறந்ததும் நானே நேரில் வந்து எழுதித் தருகிறேன் என்றேன். வெள்ளச்சி என்னை நம்பினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விழாவில் சால்வை, கேடயம், கைத்தட்டல் எல்லாம் கிடைத்தது. பனிச்சரிவு பயமாக இல்லையா என்று ஒருவர் கேட்டார். கலைஞனுக்கு ஏது பயம் என்றேன்.

மறுநாளே அந்த அலுவலகத்துக்குப் போய், படம் கல்வராயன் மலையில் எடுத்தது, பொட்டெல்லாம் பிளாஷ் வேலை என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார், ஆனால் தட்டிக் கழிக்கவில்லை. பத்தே நாளில் நான்கு சோலார் விளக்குகளுக்கு உத்தரவு போட்டுவிட்டார். இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். உத்தரவின் நகலை நானே கொண்டுபோய்க் கொடுத்து நல்ல பெயர் வாங்கலாம் என்று மலைக்குப் போனேன்.

வெள்ளச்சி களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நகலை நீட்டி, கவியா எங்கே, அவளிடம் சொல்லுங்கள் என்றேன்.

பொங்கல் முடிந்த மறுவாரமே சின்னப்பையன் அவளைத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாராம். வெள்ளச்சி தடுத்துப் பார்த்தாராம். போட்டோக்காரர் தை பிறந்ததும் வருவார் என்று அவர் சொன்னதற்கு, தை பிறந்து எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டாராம் சின்னப்பையன்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு வெள்ளச்சி காகிதத்தை வாங்கிக்கொண்டார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"வெளக்கு வரட்டும் சார். அந்த வழியில இப்ப கரடி மட்டுந்தான் போய்க்கினு கீது. அதுக்காவது ஒதவட்டும்."