கிழட்டு எலிகளுக்கு ஒரு விண்ணப்பம்

ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில், நீண்ட நடைபாதையின் கடைசிக் கதவுக்குப் பின்னால் இருந்த அறையை எல்லாரும் ‘முதியோர் இல்லம்’ என்றே அழைத்தார்கள். எஃகு அடுக்குகளில் தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் காகிதத் துண்டுகளைக் கிழித்துக் குவித்துக் கட்டிய கூட்டுக்குள் வெள்ளைச் சுண்டெலிகள் தூங்கின. மற்ற அறைகளைவிட இங்கே வெப்பம் சற்று அதிகம். உள்ளே போகிறவர்கள் நீல அங்கியும் காலுறையும் அணிந்துகொண்டு, வேர்த்து விறுவிறுத்து வெளியே வருவார்கள். எலிகளுக்கோ அந்த வெப்பம்தான் சுகம்.

பிள்ளை பெற்று ஓய்ந்த எலிகளை வேறெந்த ஆய்வுக்கூடமும் வைத்துக்கொள்வதில்லை. இனப்பெருக்கம் முடிந்ததும் அவற்றின் கதையும் முடிந்துவிடும். இந்த எலிகள் மட்டும் பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம், ஆய்வுக்கூடத்தை நடத்தியவள் தன் அக்காவிடம் வாங்கிய பேச்சு.

வீட்டில் அவள் சின்னவள். ஐம்பதைத் தாண்டிய பின்பும், மூன்று முனைவர்களுக்கு வழிகாட்டிய பின்பும், அக்காவின் வாயில் அவள் சின்னவளாகவே இருந்தாள். அக்கா, அதாவது பெரியவள், புற்றுநோய் அறுவை மருத்துவர். இருவர் வேலையும் ஒரே நோயைப் பற்றியது என்பதால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் மற்றவர்களுக்குப் பேச இடமே கிடைக்காது. அப்படியொரு ஞாயிறன்று, ஒரு புதிய மருந்து தன் எலிகளின் கட்டிகளைக் கரைத்துவிட்டதைச் சின்னவள் பூரிப்போடு சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“உன் எலிங்களுக்கெல்லாம் குணமாயிடுது. என் ஆளுங்களுக்குத்தான் ஆக மாட்டேங்குது. உன் எலிக்கு என்னடி வயசு?”

“மனுஷக் கணக்குல இருபதுன்னு வெச்சுக்கோயேன்.”

“இருபதா? என்கிட்ட வர்றவங்களுக்கு அறுபது, அறுபத்தஞ்சு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முட்டிவலி. ராத்திரி தூக்கம் கிடையாது. நீ காலேஜ் பசங்களுக்கு வைத்தியம் பாத்துட்டு என்கிட்ட வந்து பெருமை அடிச்சுக்கறே.”

மேசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சின்னவளுக்கு முகம் சிறுத்துப்போயிற்று. அக்கா சொன்னது தவறாக இருந்திருந்தால் அவள் அங்கேயே பதில் கொடுத்திருப்பாள். ஆனால் அது தவறில்லை. இளம் எலி கைக்கு அடக்கம், விலை மலிவு, உடனே கிடைக்கும். அந்த வசதிக்காகவே உலகம் முழுவதும் இளம் எலிகளின் தோலுக்கடியில் கட்டியை ஊசியால் ஏற்றி, மருந்து கொடுத்து, கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளும்தான் எழுதியிருந்தாள்.

மறுவாரம், ஓய்ந்த எலிகளைக் கொல்வதற்கான அனுமதித் தாளில் அவள் கையெழுத்திடவில்லை. காலியாகக் கிடந்த கடைசி அறைக்கு அவற்றைக் குடிமாற்றினாள்.

பிறகு ஓர் ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தாள். எலிகளை முதுமைவரை வளர்ப்பது; உடம்பில் கொஞ்சம் கொழுப்பு ஏற விடுவது; கட்டி தானாக, தனக்குரிய உறுப்பில், மெல்ல வளர விடுவது; அதன் பிறகே மருந்தைச் சோதிப்பது. சுருங்கச் சொன்னால், நோயாளியைப் போன்ற எலியை உருவாக்குவது. திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எலிக்கு மூப்பு வர ஒன்றரை ஆண்டு பிடிக்கும். கால அட்டவணையின் முதல் பாதி முழுவதும் என்ன வேலை என்ற கட்டத்தில், ஆய்வுக்கூடத்தின் புள்ளியியல் வல்லுநர் ‘வயதாக விடுதல்’ என்று இரண்டே சொல்லில் நிரப்பிவிட்டார்.

அந்த மனிதரை எல்லாரும் ‘சராசரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒட்டி உலர்ந்த உடம்பு, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். பொய் சொல்லத் தெரியாது. உண்மையைக் கேட்பவர் தாங்கும்படி சொல்லவும் தெரியாது. நிதிக்குழு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. எலிக்கு வயதாவதற்குத் தங்கள் பணம் எதற்கு என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம்.

“கேள்வி நியாயமானதுதான் மேடம்” என்றார் சராசரி.

மறுமுறை விண்ணப்பிக்க ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கடைசி அறைமீது பக்கத்து ஆய்வுக்கூடத்தார் கண் வைத்துவிட்டார்கள். அவர்களிடம் நிதி இருந்தது, அறை இல்லை. இவளிடம் அறை இருந்தது, நிதி இல்லை. துறைத்தலைவர் ஒருநாள் காப்பிக் கோப்பையோடு வந்து, இந்த முறையும் நிதி கிடைக்காவிட்டால் அறையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று நயமாகச் சொல்லிவிட்டுப் போனார். அறை போனால் எலிகளை வைக்க வேறு இடமில்லை. அப்புறம் அந்த அனுமதித் தாளில் அவள் கையெழுத்திட்டே ஆகவேண்டும்.

ஆகவே இம்முறை வெறும் திட்டத்தோடு போகக் கூடாது, கையில் ஒரு முடிவும் இருக்கவேண்டும் என்று தீர்மானித்தாள். முதியோர் இல்லத்து எலிகளில் பாதியையும், அதே எண்ணிக்கையில் இளம் எலிகளையும் எடுத்தாள். இரு சாராருக்கும் ஒரே கட்டி, ஒரே மருந்து. உடம்பின் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பும் மருந்து. இளம் எலிகளின் கட்டிகள் சுருங்கின. முதிய எலிகளின் கட்டிகள் மருந்தைச் சட்டை செய்யாமல் வளர்ந்தன.

சின்னவளுக்கு அதை நம்ப முடியவில்லை. முதலில் மருந்தைச் சந்தேகித்தாள். குளிர்பெட்டிக்கு வெளியே கிடந்து கெட்டிருக்கலாம். புதுப் புட்டி வரவழைத்தாள். பெட்டிகள் இடம் மாறியிருக்கலாம் என்று ஒவ்வோர் எலியின் காதிலும் இருந்த குறியைத் தானே சரிபார்த்தாள். மீண்டும் செய்தார்கள், அதேதான் வந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்றால் தவறு தங்களுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்பது எலி ஆய்வாளர்களுக்கு ஊறிப்போன எண்ணம். அத்தனை ஆண்டுகளாக எலிகள் அவர்களை அப்படிச் செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருந்தன.

துறைத்தலைவர் முடிவுகளின் வரைபடங்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மருந்து பலிக்காத எலியை எவர் வாங்குவார் என்று கேட்டார். இளம் எலிகளின் முடிவை மட்டும் வைத்து, முதியவற்றைப் பற்றி ‘ஆய்வு தொடர்கிறது’ என்று ஒரு வரியில் முடித்துவிடும்படி யோசனை சொன்னார். நிதிக்குழுவுக்கு வெற்றிதான் பிடிக்கும் என்பது அவருடைய நெடுநாள் அனுபவம். சராசரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபப்படுவதை அதிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

சின்னவள் விண்ணப்பத்திலிருந்து முதிய எலிகளின் பக்கத்தை எடுத்துவிட்டாள். பொய் எதுவும் எழுதவில்லையே என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். ஆனாலும் அன்று முதியோர் இல்லத்துப் பக்கம் போக அவளுக்குக் கால் வரவில்லை.

நோயாளிகளின் கட்டித் திசுக்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தருவதாகப் பெரியவள் ஒப்புதல் அளிக்க வேண்டியிருந்தது. அதற்காகச் சின்னவள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். இரண்டு அறுவைகளுக்கு நடுவே, பச்சைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஓய்வறையின் கிழிந்த சோபாவில் அமர்ந்து பெரியவள் படித்தாள். அவள் எதையும் மேலோட்டமாகப் படிப்பவள் அல்லள். கடைசிப் பக்கம்வரை போய், மறுபடி நடுப்பக்கத்துக்குத் திரும்பினாள்.

“கிழடுங்களுக்கு என்ன ஆச்சு?”

“அது இன்னும் முடியலக்கா.”

“முடியலையா, முடிஞ்சது பிடிக்கலையா?”

சின்னவள் கைப்பேசியைத் திறந்து, எடுத்துவிட்ட படத்தைக் காட்டினாள். இரு கோடுகள்: ஒன்று தரையை நோக்கிச் சரிந்தது, மற்றொன்று மாடிப்படிபோல் ஏறியது. பெரியவள் படத்தைப் பெரிதாக்கி, கண்ணருகே கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தாள். அவள் சிரிப்பாள் என்றே தங்கை எதிர்பார்த்திருந்தாள்.

“இந்த ஏறுற கோடு இருக்கே” என்றாள் பெரியவள், “இதை நான் தினமும் பாக்கறேன்டி. வார்டுல படுத்திருக்கு. இதே மருந்துதான். பத்து பேருக்குக் குடுத்தா ரெண்டு பேருக்குக் கேக்குது. மிச்சப் பேர்கிட்ட ஏன் கேக்கலைன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணுமே இல்லை.”

“அப்ப இதைக் காட்டலாங்கறியா?”

“இதை மட்டும்தான் காட்டணும். என் நோயாளிக்கு எங்க தோக்குதோ, அங்க தோக்குற எலியை இத்தனை வருஷத்துல யாரு எனக்குக் குடுத்தீங்க? கையில வெச்சுக்கிட்டு ஒளிக்கறே. உனக்கு அறிவு இருக்கா?”

திட்டுதான். ஆனால் திட்டு வாங்கி அவ்வளவு இலேசான மனத்தோடு சின்னவள் என்றுமே திரும்பியதில்லை. மறுநாள் காலை அந்தப் படத்தை முதல் பக்கத்தில் வைத்தாள். விண்ணப்பத்தைத் தலைகீழாகத் திருப்பி எழுதினாள்: பலிக்கும் என்று காட்டும் எலி நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது, பலிக்காததற்குக் காரணம் தேட ஓர் எலி வேண்டும். துறைத்தலைவர் படித்துவிட்டு, உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். சராசரி அன்று மத்தியானம் தன் பணத்தில் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் இதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

நிதிக்குழுவின் நேர்காணல் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி நடந்தது. எதிர் வரிசையில் ஐவர். நடுவில் குழுத்தலைவி, வெள்ளைத் தலையும் கூர்மையான மூக்குமாய். ஓரத்தில் இருந்த உறுப்பினர், கிழட்டு எலிக்கு மருந்து பலிக்காததற்கு மூப்பு காரணமா, வெறும் சீக்கா என்று கேட்டார். சராசரி ஏற்ற இறக்கமில்லாத அதே குரலில், எடை, தீனி, நடமாட்டம் என எல்லாவற்றையும் அளந்ததைச் சொல்லி, எலிகள் தன்னைவிட ஆரோக்கியமாக இருப்பதாக முடித்தார். ஐவரும் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்கள். அதன் பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

குழுத்தலைவி கேட்டது வேறு. “உங்க எலிக்கு மருந்து வேலை செய்யலை. சரி. அதை வெச்சு என்ன செய்யப்போறீங்க?”

“தேடப்போறோம்” என்றாள் சின்னவள். “இளசுங்களுக்கு எதைக் குடுத்தாலும் குணமாயிடுது. அதனால தேடவேண்டிய அவசியமே வரலை. இது கொஞ்சம் பிடிவாதமான எலி. இதுக்குப் பலிச்சா, ஜனங்களுக்கும் பலிக்க வாய்ப்பு இருக்கு.”

“ஒன்றரை வருஷம் காத்திருக்கணுமே.”

“நோயாளிங்க அதைவிட ரொம்ப நாளா காத்திருக்காங்க.”

குழுத்தலைவி எதையோ குறித்துக்கொண்டாள். பிறகு, கையெழுத்துப் போட்டிருக்கும் அறுவை மருத்துவர் பெயரளவுக்குத்தானா, இல்லை எலிகளை வந்து பார்ப்பாரா என்று கேட்டாள். “மாசாமாசம் வருவாங்க” என்று சின்னவளின் வாய் முந்திக்கொண்டது. பெரியவளிடம் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. சராசரி கண்ணாடியைக் கழற்றினார்.

நிதி கிடைத்தது. கேட்டது முழுவதும் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. அறுவை மருத்துவர் இணை ஆய்வாளராகச் சேர்ந்து, மாதந்தோறும் எலிகளைத் தம் கையால் பரிசோதிக்கவேண்டும். செய்தி வந்தபோது சின்னவள் முதியோர் இல்லத்தில் இருந்தாள். பக்கத்து ஆய்வுக்கூடத்தார் அளவெடுத்து ஒட்டியிருந்த காகிதத்தைச் சுவரிலிருந்து நிதானமாக உரித்தாள். நடைபாதைக்கு வந்து அக்காவை அழைத்தாள்.

முதலில் நல்ல செய்தியைச் சொன்னாள். மறுமுனையில் பெரியவள் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. பிறகு நிபந்தனையைச் சொன்னாள்.

“என்னைக் கேக்காம என் தலையை அடகு வெச்சுட்டு வந்தியா?”

“ஆமாக்கா.”

“சனிக்கிழமைதான் முடியும். காலையில சீக்கிரம் வருவேன். எனக்காக யாரும் அங்க வந்து வழிஞ்சுக்கிட்டு நிக்கக் கூடாது.”

அதற்குப் பின் வந்த சனிக்கிழமை பெரியவள் நீல அங்கியில் வந்து நின்றாள். எலியைப் பிடிக்கும் முறையைப் பயிற்றுநரிடம் முன்பே கற்றுத் தேறியிருந்தாள். தேர்வில் எடுத்த மதிப்பெண்ணை யாரும் கேட்காமலே சொன்னாள். அறையின் வெப்பத்தில் நெற்றி வேர்த்தது. சின்னவள் முதல் பெட்டியைத் திறந்து, பருத்த ஒரு பெண் எலியை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தாள். பெரியவள் இடக்கையால் அதைத் தாங்கி, வலக்கையின் இரு விரல் நுனிகளை வயிற்றில் மெல்ல ஓட்டினாள். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முப்பது ஆண்டுகளாக மனித வயிறுகளில் தேடிய விரல்கள், ஒரு பெருவிரல் அளவே இருந்த வயிற்றில் அதே பொறுமையோடு தேடின. எலி திமிறவில்லை.

“நல்லா சாப்பிடறாளா?”

“ரொம்ப நல்லா.”

“எடை?”

“ஏறியிருக்கு.”

“தெரியுது. ஒண்ணும் இல்லை, நல்லா இருக்கா. அடுத்த மாசம் வரச் சொல்லு.”

“அவ எங்கயும் போகமாட்டாக்கா. நீதான் வரணும்.”

பெரியவள் எலியைக் கூட்டுக்குள் விட்டு, காகிதத் துண்டுகளை அதன்மேல் இழுத்து மூடினாள். பிறகு, அறுவை அறையில் கருவிக்காக நீட்டுவதைப் போல, உள்ளங்கை மேல்நோக்க, அடுத்த எலிக்காகக் கையை நீட்டினாள்.