சாய்த்துப் பார்த்தபோது

வீட்டில் அண்ணி, நாத்தனார். ஆய்வகத்துக்குள் அண்ணி வெறும் 'மேடம்'. உறவைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்று சட்டம் போட்டவள் நாத்தனார்தான். போட்ட கையோடு, அண்ணியின் முனைவர் பட்டத்துக்கே வேட்டு வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். திரவப் படிகத்தில் மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து வரிசையாக இருக்கும். சூடாக்கினால் ஒரு கட்டத்தில் வரிசை கலைந்து வெறும் திரவமாகிவிடும். வரிசை இருந்தால் நுண்ணோக்கியில் வெளிச்சம், கலைந்தால் இருட்டு. மின்புலம் கொடுத்தால் வரிசை இன்னும் கொஞ்சம் அதிகச் சூட்டைத் தாங்கும் என்பது அண்ணியின் கட்சி. ஆய்வேட்டின் உயிரே அதில்தான். நாத்தனார் சோதித்தபோதோ, மின்புலம் போட்டதும் சூடு ஏறும் முன்பே இருட்டிவிட்டது. மேடம் சொன்னது தலைகீழ் என்று பேராசிரியரிடம் போட்டு உடைத்தாள். சாயங்காலத்துக்குள் முடிவு தெரியாவிட்டால் ஆய்வேடு போகாது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வேறொருத்தியாக இருந்தால் இடிந்துபோயிருப்பாள். அண்ணிக்குக் கோபம்தான் வந்தது. பயம் துளியும் இல்லை. நாத்தனாரை இழுத்துவந்து நுண்ணோக்கி முன் உட்காரவைத்தாள். கண்ணாடித் தட்டின் ஒரு பாதிக்கு மட்டும் மின்புலம் கொடுத்தாள். மின்புலம் இல்லாத பாதி கலைந்ததும், சூட்டை இன்னும் ஒரு மயிரிழை ஏற்றினாள். இப்போது இரண்டு பாதியும் இருட்டு.

"ரெண்டுமே கலைஞ்சிடுச்சே மேடம்," என்றாள் நாத்தனார், கொஞ்சம் மிதப்பாகவே.

அண்ணி சூடேற்றும் மேடையோடு சேர்த்துத் தட்டை மெல்லச் சாய்த்தாள். மின்புலம் இல்லாத பாதி அப்படியே இருண்டு கிடந்தது. மற்ற பாதி பளிச்சென்று வெளுத்தது.

"பென்சிலை நிமிர்த்தி வெச்சு மேல இருந்து பார்த்தா நுனி மட்டும்தானே தெரியும்? மின்புலம் மூலக்கூறை நம்மளப் பார்த்து நிக்க வெச்சிருக்கு. வரிசை இருந்தும் அது நம்ம கண்ணுக்குத் தெரியல, அதான் இருட்டு. நிஜமா கலைஞ்சிருந்தா எப்படிச் சாய்ச்சாலும் இருட்டாத்தான் இருக்கும்."

நாத்தனாரின் முகம் தொங்கிப்போனது. சாய்த்துப் பார்க்கத் தோன்றாதது தன் அவசரக்குடுக்கைத்தனம் என்று ஒப்புக்கொண்டாள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அண்ணி தடுத்தும் கேட்காமல், பேராசிரியர் அறைக்கு அவளே முன்னால் நடந்தாள்.

யார் சொன்னது சரி என்று அவர் தலை நிமிராமலே கேட்டார்.

"எங்க அண்ணி சொன்னதுதான் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நாத்தனார் அதைத் திருத்திக்கொள்ளவில்லை.