மச்சானை நிற்க வைத்த நாற்காலி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் எண்ணெய் கோஷ்டி. எண்ணெய் அழுத்தத்தில் பாரம் தூக்கும் சிலிண்டர்கள் என் பிழைப்பு. மாடியில் என் மனைவி, காற்று கோஷ்டி. இரண்டு கோஷ்டியும் சேர்ந்து, கால் ஊன்ற முடியாதவரைத் தூக்கி நிற்க வைக்கும் நாற்காலி ஒன்று செய்ய வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. தூக்குவது எண்ணெய், அதிராமல் தாங்குவது காற்றுப் பை. வீட்டில் போடும் சண்டை போதாதென்று ஆபீசிலும் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள்.

உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டுமே. என் மனைவியின் அண்ணன் லாரி ஓட்டியவர், விபத்துக்குப் பிறகு இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். எங்களை நம்பி வந்தார். எண்ணெய் மட்டும் போதும் என்று நான் அடம்பிடித்துத் தூக்கியதில், மனிதர் வெடுக்கென்று எகிறி முன்னால் சரிந்தார். பெல்ட்தான் காப்பாற்றியது.

"இன்னும் ஒரே தடவை, மாப்பிள்ளை. மறுபடி குலுக்குச்சுன்னா இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டேன்" என்றார். வாய் சிரித்தது, கை பெல்ட்டை விடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம் மூன்று மாதம் சண்டைதான். எண்ணெய்க்கு முரட்டுக் குணம் என்றாள் அவள். காற்றை நம்பி ஒரு பூனையைக்கூட நிற்க வைக்க முடியாது என்றேன் நான். கடைசியில் வால்வு திறக்கும் வேகத்தை நான் பாதியாகக் குறைத்தேன். பையின் அழுத்தத்தை அவள் கொஞ்சம் ஏற்றினாள். விட்டுக்கொடுத்ததாக இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று காலை மச்சானுக்குப் பெல்ட் மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். நாற்காலி மெல்ல எழ ஆரம்பித்ததும், இருவரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கணினித் திரையில் ஓடிய அதிர்வுக் கோட்டில் கண்ணை நட்டோம்.

"கோட்டைப் பாரு, ஆடவே இல்ல. எல்லாம் என் வால்வு."

"உங்க வால்வா? கடைசியில பைதான் தாங்கிச்சு. அது கண்ணுக்குத் தெரியலையா?"

"மாப்பிள்ளை."

குரல் மேலேயிருந்து வந்தது. திரும்பினேன். மச்சான் நின்றுகொண்டிருந்தார். என்னைவிட அவர் ஒரு சாண் உயரம் என்பதையே மறந்துபோயிருந்தேன்.

"உங்க உச்சந்தலையில இவ்வளவு பெரிய வழுக்கை விழுந்திருக்கு, ரெண்டு வருஷமா ஒருத்தரும் எனக்குச் சொல்லல பாருங்க!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இறக்கட்டுமா, அண்ணா?" என்றாள்.

"அவசரப்படாத. ஆபீஸ்ல இருக்கறவங்களை ஒவ்வொருத்தரா வரச் சொல்லு. வேற யாருக்கெல்லாம் விழுந்திருக்குன்னு பாத்துட்டு இறங்கறேன்."