எல்லாரும் வெளிய வந்துருங்க

கோரிப்பாளையத்தை ஒட்டிய அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் எது புதிதாக வந்தாலும் ஐரின் தலையில்தான் வந்து விழும். அலுவலகப் பொறுப்பாளர் என்று பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்று மூன்றரை மணிக்குத்தான் டிபன் பாக்ஸைத் திறந்தாள். அதற்குள் சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து முத்துக்குமரன் கூப்பிட்டுவிட்டான்.

"மேடம், இன்னைக்கே புது வெர்ஷன் ஏத்துறோம். நாலு மணிக்குள்ள எல்லாரும் லாக்-அவுட் பண்ணிரணும். ஒருத்தர் உள்ள இருந்தாலும் பேஷண்ட் டேட்டா அம்புட்டும் போயிரும்."

"இதக் காலையிலயே சொன்னா என்ன?"

"எங்களுக்கே இப்பத்தான் சொன்னாங்க மேடம்."

டேட்டா போனால் அதோடு சேர்த்துத் தன்னையும் பெரிய டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்பதில் ஐரினுக்குச் சந்தேகமே இல்லை. மாடி மாடியாக ஏறிச் சொல்ல நேரமும் இல்லை. சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு, ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மூச்சுவிடாமல் பேசி அனுப்பினாள்.

"அவசரம். எல்லாரும் நாலு மணிக்குள்ள வெளிய வந்துருங்க. ஒரே ஒரு ஆள் உள்ள இருந்தாலும் அம்புட்டும் போயிரும். ஏன் எதுக்குன்னு கேட்டு நேரத்தக் கடத்தாதீங்க."

மண்டை முழுக்க சாப்ட்வேரே உட்கார்ந்திருந்ததால் 'லாக்-அவுட்' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மறந்தே போனாள்.

போன மாதம்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்து தெருவே கதிகலங்கி நின்றிருந்தது. பொய் மிரட்டல்தான் என்றாலும் அந்தப் பயம் யாருக்கும் தெளியவில்லை. முதலில் லேப் ஆட்கள் ஓடினார்கள். பின்னாலேயே வீல்சேர்கள், ஸ்ட்ரெச்சர்கள், குழந்தையை அள்ளிக்கொண்ட தாய்மார்கள். சத்தம் கேட்டு ஐரின் வாசலுக்கு வந்தபோது மொத்த ஆஸ்பத்திரியும் ரோட்டில் நின்றது.

"குண்டு எந்த மாடியிலம்மா?" என்றார் வாட்ச்மேன் சங்கிலி.

"குண்டா? கம்ப்யூட்டர்லருந்து வெளிய வாங்கன்னுதான சொன்னேன், அண்ணே!" என்றாள் ஐரின்.

யாரோ சிரித்தார்கள். டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்ற நர்ஸ் ஒருத்தி வாய்க்கு வந்தபடி திட்டினாள். பதில் சொல்வதற்குள் முத்துக்குமரனின் போன் வந்தது.

"மேடம், இன்னும் ஒருத்தர் உள்ள இருக்காங்க. டயாலிசிஸ் ரூம். சரண்யாதேவின்னு காட்டுது."

மணி நாலாகப் போகிறது. ஐரின் படியேறி ஓடினாள். அப்போதும் அவள் நினைப்பெல்லாம் டேட்டாவில்தான் இருந்தது.

மூன்றாவது மாடியில் முத்திருளன் என்கிற பெரியவர் கட்டிலில் கிடந்தார். குழாய்களில் அவர் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நர்ஸ் சரண்யாதேவி, அவர் தோளைப் பிடித்தபடி, போனில் புருஷனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையப் பத்திரமாப் பாத்துக்கங்க. அம்புட்டுத்தான்" என்று வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"போயிரு தாயின்னு எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்குது" என்றார் முத்திருளன், ஈனக்குரலில்.

"பிரஷர் இறங்கிருச்சுக்கா. இவரத் தனியா எப்படித் தூக்குவேன்? கத்திக் கூப்பிட்டேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல." சரண்யா எழுந்து வந்து ஐரினின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் உசுருக்குப் பயந்து ஓடுறாங்க. என்னையத் தேடிக்கிட்டு நீங்க ஒருத்தர்தான்க்கா உள்ள வந்தீங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெட்கத்தில் ஐரினுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"குண்டெல்லாம் இல்ல சரண்யா. சாப்ட்வேர் மாத்துறாங்க. நான்தான் சரியாச் சொல்லல. நீ இன்னும் லாக்-அவுட் பண்ணலன்னு போன் வந்துச்சு. அதுக்குத்தான் வந்தேன்."

சரண்யாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிடித்திருந்த கை மெல்ல விலகியது. மேசைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான பாத்தேன்" என்றாள்.